மணிக்கூடு மனதை அளக்குமா?

நாடி பிடித்துப் பார்ப்பது எமக்குப் புதிதல்ல. எமது ஊர்ப் பரியாரிமார் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று சொன்னதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது அந்த விரல்களின் இடத்துக்கு ஒரு மணிக்கூடு வந்திருக்கிறது. அது நாடித்துடிப்பை எண்ணுவதுடன் நிற்காமல், உங்கள் மன நெருக்கீடு இன்று இவ்வளவு என்று ஓர் இலக்கத்தையும் காட்டுகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அம்மாவுக்கு அனுப்பும் பொருட்களில் இதுவும் சேர்ந்துவிட்டதால், நான் வேலை செய்யும் பெண்கள் குழுக்களில் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். "பிள்ளை, இது சொல்லுறது உண்மையோ?"

மணிக்கூட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் சிறு வெளிச்சம் மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சக்கூடியது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலின் கீழுள்ள சிறு குழாய்களில் இரத்தம் சற்று நிறையும். திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த துடிப்புக்கு முன் மீண்டும் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி பதிகிறது. கொரோனா காலத்தில் விரல் நுனியில் கொழுவி ஒக்சிசன் பார்த்தோமே, அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் அது பயன்படுத்துவது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும். அதன் அடிப்படையை 1974 இல் முன்வைத்தவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர். உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஆம் ஆண்டில்தான் அவர் காலமானார்.

சரி, துடிப்பிலிருந்து நெருக்கீட்டுக்கு எப்படிப் போகிறார்கள்? நிமிடத்துக்கு 60 தடவை துடிக்கும் இதயம், சரியாக ஒரு செக்கனுக்கு ஒன்று என்று துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரையும். வெளியே விடும்போது சற்றுத் தாமதிக்கும். உடல் ஆறுதலாக இருக்கையில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். பயம் வந்தால், ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடல் தயாராகும். துடிப்பு கூடும், இடைவெளிகள் ஒரே மாதிரியாகிவிடும். போர் போன்ற கொடுமைகளால் மனவடு அடைந்தவர்களில் இந்த வித்தியாசம் மற்றவர்களை விடச் சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. "பழைய கதையை விடு, நடிக்காதே" என்று வீட்டார் சொல்லக் கேட்டுச் சலித்த பெண்களுக்கு இதைச் சொல்லும்போது அவர்களது முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். வருத்தம் உடம்பிலும் இருக்கிறது என்பதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இவை பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒரு தனிப் பெண்ணின் கையிலுள்ள இலக்கம் அவளது மனதைச் சொல்லும் என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. 2009 மே மாதத்திலிருந்து கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் குழுவில் சொன்னதை அவரது சம்மதத்துடன் எழுதுகிறேன். "மா இடிக்கேக்க நெருக்கீடு கூட எண்டு காட்டுது. பின்னேரம் அவரின்ர படத்துக்கு முன்னால இருந்து நெஞ்சு வெடிக்க யோசிச்சனான், அப்ப அமைதி எண்டு காட்டுது. எனக்கு விசரோ, மணிக்கூட்டுக்கு விசரோ?" எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

மணிக்கூட்டுக்கு விசர் இல்லை. அதற்குத் தெரிந்தது துடிப்பு மட்டும். உலக்கை பிடித்த கையும், காய்ச்சலும், கடும் கோப்பியும், நித்திரையில்லாத இரவும், பேரப்பிள்ளையைக் கண்ட சந்தோசமும் அதற்கு ஒன்றுபோலத் தெரியலாம். பட்டி தளர்ந்தால் பிழைக்கும். கறுத்த தோல் பச்சை ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் எம்மைப் போன்றவர்களில் பதிவு தெளிவு குறையவும் கூடும். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் எடுக்கும் சில மருந்துகள் துடிப்பையே மாற்றிவிடும். பயத்தில் உறைந்துபோகும் சிலரின் இதயம் விரைவதற்குப் பதிலாக மெதுவாவதும் உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 800 இளையோருக்கு இத்தகைய மணிக்கூட்டை மூன்று மாதம் அணிவித்து, நாளுக்கு நான்கு தடவை அவர்களிடமே மனநிலையைக் கேட்டார்கள். 2025 இல் வெளியான முடிவின்படி, நெருக்கீட்டைப் பொறுத்தவரை மணிக்கூடு சொன்னதற்கும் அவர்கள் சொன்னதற்கும் அநேகமாகத் தொடர்பே இருக்கவில்லை. நித்திரை பற்றிய கணக்கு ஓரளவு பொருந்தியது.

என் கவலை இங்கேதான். எம் பெண்கள் சொல்வதை நம்பாதவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். "மணிக்கூட்டில சாதாரணம் எண்டுதானே காட்டுது" என்று ஒரு உதவியை, ஒரு ஆலோசனையை மறுக்க அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடக் கூடாது. எந்தத் திட்டமாவது இதை உங்கள் கையில் கட்ட வந்தால், கேளுங்கள்: தகவல் எங்கே போகிறது? யார் பார்ப்பார்கள்? நான் இருக்கும் இடத்தையும் இது பதியுமா? வேண்டாம் என்றால் உதவி நிற்குமா? தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் எமது நாட்டில் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடல்நலத் தகவலை அது விசேட வகையாகக் கருதுகிறது. எனவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மணிக்கூடு இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பெருவிரலின் கீழ், மணிக்கட்டில் விரல்களை வைத்து 30 செக்கன் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை வழமையானது. பின்பு நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். மூச்சைக் கவனிக்கையில் பழைய காட்சிகள் வந்து மூட்டம் போட்டால் உடனே நிறுத்தி, கண்ணைத் திறந்து, முற்றத்து மரத்தையோ கோழியையோ பாருங்கள். எல்லோருக்கும் இது ஒத்துவருவதில்லை.

நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் போன்ற எண்ணம் வந்தால் எந்த இலக்கத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.