தோள் நோவும் பெருவிரல் நோவும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்று வழங்குவர். ஞாயிறு படும் திசையிலுள்ள கரை ஆதலின் அப்பெயர் பெற்றது. அக்கரையில், போரதீவுப்பற்றின் வயல்வெளிகளுக்கிடையே அமைந்த ஊர் வெல்லாவெளி. வேளாண்மையும் மாட்டுப்பட்டியும் அவ்வூர் மக்களின் செல்வம். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நெல் குற்ற ஆலை வந்துவிட்டது. ஆயினும் தேங்காய் துருவுவதும், பால் பிழிவதும், இடியப்பம் பிழிவதும், பசுவின் மடியிற் பால் கறப்பதும், நனைந்த சேலையை முறுக்கி உலர்த்துவதும் இன்னும் பல வீடுகளிற் கையின் தொழிலாகவே இருக்கின்றன. இத்தொழில்கள் யாவற்றிலும் பெருஞ்சுமை விழுவது மணிக்கட்டிலும் பெருவிரலிலும் என்பதை, நோவு வரும்வரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதுமையில் வரும் ஒரு வாத நோயைப் பற்றியும், அந்நோயுடன் வாழ்கின்றவருக்கு மணிக்கட்டிலும் பெருவிரலிலும் நோவு தோன்றினால் வீட்டார் செய்யவேண்டுவன யாவை என்பது பற்றியும் இங்கே எழுதப் புகுந்தோம்.

நோயின் இயல்பு

மேனாட்டு மருத்துவ நூல்கள் இந்நோயைப் பொலிமயால்ஜியா ரூமாட்டிக்கா என்று குறிக்கின்றன. பல தசைகளில் நோவைத் தரும் வாதம் என்பது அப்பெயரின் பொருள். எளிமை கருதித் தசைவாதம் என்றே நாம் சொல்லிச் செல்வோம். 1888ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் புரூஸ் என்பவர், தம்மிடம் வந்த ஐந்து முதியவர்களின் நிலையை எழுதி இந்நோயை முதன்முதலிற் சுட்டினார். இன்று வழங்கும் பெயரை 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவர் பார்பர் சூட்டினார்.

இது ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கே வருவது. எழுபதைக் கடந்தோரிடத்து மிகுதி. ஆடவரினும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகக் காணப்படும். வட ஐரோப்பிய மக்களிடையே மிகுந்தும், ஆசிய மக்களிடையே குறைந்தும் இருப்பதனால், நம் ஊர்களில் இதனை "வயது போனால் வருகிற உளைவு" என்று தள்ளிவிடுதல் எளிது.

ஆனால் வெறும் முதுமை உளைவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சில நாட்களில், அல்லது சில வாரங்களில், இரு தோள்களும் கழுத்தும் இடுப்பும் ஒருங்கே பிடித்துக்கொள்ளும். விடியற்காலை விறைப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். பாயில் இருந்து எழும்பப் பிறர் துணை வேண்டும். தலைவாரக் கை எழாது. கோயில் முன்றிலில் தலைக்குமேல் கைகூப்பவும் இயலாது. உடல் சோர்ந்து, பசி குறைந்து, சிலருக்கு மெல்லிய காய்ச்சலும் காணும். இரத்தத்திற் செய்யும் ஈ.எஸ்.ஆர்., சீ.ஆர்.பி. என்னும் இரு பரிசோதனைகள் உடலில் அழற்சி மிகுந்திருப்பதைக் காட்டும்.

மருந்தைப் பொறுத்தவரை இந்நோயாளர் பேறு பெற்றவரே. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பார், மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்மணிக்குக் கோர்ட்டிசோன் என்னும் மருந்தைக் கொடுத்து எழுந்து நடக்கச் செய்தார். அதற்காக 1950ஆம் ஆண்டில் வேறு இருவருடன் நோபல் பரிசும் பெற்றார். அம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசொலோன் குளிசையே தசைவாதத்துக்கு இன்றும் முதன்மையான மருந்து. பெரும்பாலும் நாளொன்றுக்கு 12.5 முதல் 25 மில்லிகிராம் வரையில் தொடங்குவர். ஒரு வாரத்துக்குள்ளேயே தோள் இலகுவாகிவிடும். பின்னர் மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் செல்வார். முழுதும் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேலாகும். சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளும் செல்லும்.

கைநோவின் காரணங்கள்

சிக்கல் தோன்றுவது இவ்விடத்திலேதான். குளிசையின் அளவு குறைந்துவரும் காலத்தில், தோள் நன்றாக இருக்கும்போதே மணிக்கட்டும் பெருவிரலும் நோகத் தொடங்குகின்றன. போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. திறப்பைப் பூட்டில் திருப்ப முடியவில்லை. வீட்டார் உடனே, "பழைய வாதம் திரும்பிவிட்டது, ஒரு குளிசை கூடப் போடுங்கள்" என்பர். அன்பினால் எழும் சொல்தான் அது. ஆயினும் தோள் நோவுக்குரிய மருந்தைப் பெருவிரல் நோவுக்கு அளந்து போடுதல் தகாது. கைநோவுக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிந்தால் பல வேளைகளில் அந்தக் கூடுதற் குளிசைக்கு வேலையே இல்லை என்பது புலப்படும்.

முதலாவது, தசைவாதமே கைக்கு இறங்குதல். இதனால் மணிக்கட்டும் புறங்கையும் வீங்கும். விறைப்பு காலையில் மிகுந்திருக்கும். தோளும் உடன் பிடிக்கும். இது உள்ளபடியே நோய் மீள்வதாக இருக்கலாம். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து முடிவு செய்வார்.

இரண்டாவது, நரம்பு நெரிபடுதல். மணிக்கட்டின் உட்புறத்தில் ஓர் ஒடுங்கிய வழியூடாக ஒரு நரம்பு செல்கிறது. அவ்வழி வீங்கினால் நரம்பு நசியும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை இரவில் மரத்துப்போகும். சிறுவிரலுக்கு ஒன்றும் நேராது. கையை உதறினால் சற்று ஆறும். இதுவே இதன் அடையாளம்.

மூன்றாவது, தசைநாண் உறை அழற்சி. பெருவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரு தசைநாண்கள், மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்தில் ஒரே உறையினூடாகச் செல்கின்றன. முறுக்குதலும் பிழிதலும் மிகுந்தால் அவ்வுறை தடித்து நாண்களை இறுக்கும். 1895ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வேன் இதனை விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெருவிரலை உள்ளே மடித்து முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சிறுவிரற் பக்கமாக மெல்லச் சாய்த்தால் சுள்ளென்று நோகும். கைக்குழந்தையைத் தூக்கும் இளந்தாய்மாருக்கும் இந்நோவு வருவதுண்டு.

நான்காவது, பெருவிரலின் அடிமூட்டுத் தேய்வு. முதிய பெண்களுக்கு இது மிகவும் பொதுவானது. விரல் நுனியால் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் உள்ள விசை அடிமூட்டில் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்காக அழுத்துகிறது. பல ஆண்டுகளாக இருந்த இத்தேய்வின் நோவைப் பிரெட்னிசொலோன் மறைத்து வைத்திருக்கும். அளவு குறைந்ததும் அது வெளிப்படும். புதிய நோய் வந்ததாக வீட்டார் மயங்குவது பெரும்பாலும் இதனாலேயே.

இன்னும் இரண்டு உள. விரல் மூட்டுகள் பலவும் வீங்கிச் சூடாகி நிற்குமாயின் அது மூட்டுவாதமாக இருக்கலாம். முதுமையில் அந்நோய் சிலவேளை தசைவாதத்தின் வேடத்திலேயே தொடங்கும். அன்றியும், பிரெட்னிசொலோன் நெடுநாள் உண்பவரின் எலும்பு மெலியும். வரம்பிலோ கிணற்றடியிலோ வழுக்கிக் கையூன்றி விழுந்தபின் மணிக்கட்டு நோகுமாயின், சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவி இழுப்பித்தல் கூடாது. எக்ஸ்ரே படம் எடுத்து எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்தல் வேண்டும்.

கைக்கு இளைப்பாறுதல்

காரணம் எதுவாயினும் கைக்கு இளைப்பாறுதல் கொடுப்பது முதற் சிகிச்சை. வேலையை முழுதும் விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செய்யும் முறையை மாற்றுதலே போதும்.

அகப்பைக் காம்பிலும் கத்திப் பிடியிலும் பழந்துணியை வரிந்து சுற்றித் தடிப்பாக்கினால் விரல்கள் இறுகப் பற்றவேண்டுவதில்லை. சட்டியைப் பெருவிரலால் விளிம்பிற் பிடித்துத் தூக்காது, இரு உள்ளங்கைகளையும் அடியிற் கொடுத்துத் தூக்குக. வாளியைப் பாதியளவே நிரப்புக. போத்தல் மூடியின்மேல் ஈரத்துணியை இட்டு, உள்ளங்கையால் அழுத்தித் திருப்புக. சேலையை முறுக்கிப் பிழியாது கொடியிலிட்டு நீர் வடிய விடுக. திருவலையில் தேங்காய் துருவுதலும் இடியப்பம் பிழிதலும் மணிக்கட்டை வருத்தும் வேலைகள். வீட்டிலுள்ள இளையோர் அவற்றை ஏற்றல் நன்று. பால் கறப்போர் பெருவிரலை மடக்கி அதன் கணுவால் அழுத்திக் கறக்கும் வழக்கத்தை விட்டு, ஐந்து விரல்களாலும் முழுக்கையாகப் பற்றிக் கறத்தல் வேண்டும்.

காலையில் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரிற் கைகளை அமிழ்த்தி, விரல்களை மெல்ல விரித்து மூடுக. பெருவிரல் நுனியால் மற்ற விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுக. நோவு கூடும் அளவுக்கு எதனையும் வலிந்து செய்யவேண்டாம். பெருவிரலையும் மணிக்கட்டையும் அசையாது தாங்கும் கைப்பட்டையை வைத்தியசாலையின் பிசியோதெரப்பிப் பிரிவினர் அளவறிந்து சொல்வர். நரம்பு நெரிபடுவோர் அதனை இரவில் அணிதல் நலம். இவையெல்லாம் போதாவிடின், தசைநாண் உறையினுள் மருத்துவர் ஓர் ஊசி மருந்து ஏற்றுவார். டி கெர்வேன் நோவில் இது நல்ல பயன் தருவது. நீரிழிவு உள்ளவர்கள் அதன்பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் தடவுதல் நம்மவர் வழக்கம். இளஞ்சூடாக மெல்லத் தடவுவதில் தீங்கில்லை. பலங்கொண்டு உருவி இழுத்தல் ஆகாது. பிரெட்னிசொலோன் உண்பவரின் தோல் மெலிந்திருப்பதால் எளிதிற் கன்றிப்போகும்.

மருந்தும் மாரியும்

கைநோவுக்கென்று கடையிற் கேட்டு டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை வாங்கிப் பிரெட்னிசொலோனுடன் சேர்த்து விழுங்குவோர் உளர். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் புண் உண்டாகிக் குருதி கசிய இடமுண்டு. மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்தல் ஆபத்து.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பிரெட்னிசொலோனைப் பல வாரங்கள் உண்டபின், நம் உடலிலுள்ள சிறுநீரகமேற் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் அவை உடனே விழித்தெழ மாட்டா. வாந்தியும் மயக்கமும் உண்டாகி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே இடையூறு நேரலாம். "தோள் சுகமாகிவிட்டதே" என்றெண்ணி நிறுத்துவோரும், குளிசை தீர்ந்துபோனதால் விட்டுவிடுவோரும் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும்.

வெல்லாவெளி போன்ற ஊர்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டுமாயின் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும். மாரி வெள்ளம் பெருகினாலோ படுவான்கரையின் வீதிகள் நீரில் மூழ்கும். 2024ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தை அப்பகுதியார் மறந்திரார். ஆதலின் ஐப்பசி பிறக்கும் முன்னரே கிளினிக்கிற் சொல்லி, சில வாரங்களுக்குப் போதிய குளிசையைக் கையிருப்பில் வைத்தல் அறிவுடைமை. இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டையுடன் குளிசையும் கிளினிக் கொப்பியும் முதலிற் பையில் ஏறவேண்டும்.

எலும்பைக் காக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், கீரை, அப்பகுதியின் எருமைத் தயிர் ஆகியவை அதற்கு உதவும். மருத்துவர் தரும் கல்சியம், விற்றமின் டீ குளிசைகளையும் தவறவிடலாகாது.

பொறுக்கலாகாத அறிகுறிகள்

தசைவாதத்துடன் சிலருக்குத் தலையின் நாடிகளிலும் அழற்சி உண்டாகும். நெற்றிப்பொட்டில் புதிய தலைவலி, தலைவாரும்போது உச்சி நோவு, உணவை மெல்லுகையில் தாடை நோவு, பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் கண்ணொளி போய்விடும். போன கண்ணொளி பெரும்பாலும் மீள்வதில்லை. கைநோவுக்கு நாட்கணக்கிற் பொறுத்திருக்கலாம். இதற்கு மணிக்கணக்கிற்கூடப் பொறுத்தலாகாது.

வீட்டில் உள்ள மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு சிறு கொப்பியில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதிக் கொடுங்கள்: இன்று நோவு எங்கே, எந்த வேளையில் மிகுதி, காலை விறைப்பு எத்தனை நிமிடம், உண்ட குளிசை எத்தனை மில்லிகிராம். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிட நேரத்தில், தோள் நோவா பெருவிரல் நோவா என்பதை மருத்துவர் பிரித்தறிய அக்கொப்பி பெரிதும் துணைசெய்யும். கைத்தொலைபேசியிற் பெருவிரலால் ஓயாது எழுதும் பிள்ளைகள் தம் மணிக்கட்டையும் இடையிடையே ஆறவிடுவது நல்லது.

நோவைச் சொன்னால் வீட்டாருக்குப் பாரமாகிவிடுவோம் என்றெண்ணி வாய்திறவாதிருக்கும் மூத்தோர் நம்மிடையே பலர். தேங்காய்ப் பாதி கையிலிருந்து நழுவி விழும்போதுதான் மற்றவர்கள் அறிகிறார்கள். அதற்கு முன்னரே அவர்களைக் கேட்டறிவது பிள்ளைகளின் கடமை. மருந்தின் அளவை மருத்துவர் குறைப்பார். கையின் வேலையைக் குறைக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே.