வைஃபை ரவுட்டரில் சிவப்பு லைட்டா? ரீசெட் பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. மணி 9.40. போனில் வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது, ஆனால் ஒரு பக்கம்கூட ஓபன் ஆகவில்லை. இந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு வேலை. ஒன்று, ரவுட்டரின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்துவது. இன்னொன்று, கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முதலில் வரும் எண்ணுக்கு போன் போடுவது. முதலாவது, சீக்கிரம் சரியாக வேண்டிய இணைப்பை நாள் முழுக்க முடக்கிவிடலாம். இரண்டாவது, வங்கிக் கணக்கையே காலி செய்துவிடலாம்.

அப்போ என்னதான் செய்வது? இன்டர்வியூவை போன் ஹாட்ஸ்பாட்டில் முடித்துவிட்டு, நிதானமாக ரவுட்டர் முன் உட்காருங்க.

லைட் என்ன சொல்கிறது?

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே இருப்பதுதான் வைஃபை. ரவுட்டரில் இருந்து தெருக் கம்பம் வழியாக நிறுவனம் வரை போவது இன்னொரு பாதை. போனில் சிக்னல் முழுசாக இருந்தும் நெட் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் இரண்டாவது பாதையில்தான்.

இப்போது பல வீடுகளில் இருப்பது ஃபைபர் இணைப்பு. அந்தப் பெட்டியில் 'பான்', 'எல்ஓஎஸ்' என்று இரண்டு லைட் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பான் லைட் விட்டுவிட்டு எரியாமல் நிலையாகப் பச்சையில் இருக்கும். எல்ஓஎஸ் எரியவே கூடாது. அது சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் பாஸ்வேர்டை மாற்றினாலும், போனை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒன்றும் நடக்காது.

செய்யக்கூடியது ஒன்றுதான். ரவுட்டரின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஒயரைப் பாருங்க. சோபாவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, கதவு இடுக்கில் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? தாமிரக் கம்பியை மடக்கினாலும் மின்சாரம் போகும். ஃபைபர் அப்படி இல்லை, கூர்மையாக மடங்கினால் அந்த இடத்திலேயே ஒளி கசிந்துவிடும். வளைவை மெதுவாகத் தளர்த்திவிட்டாலே சில வீடுகளில் சிவப்பு லைட் அணைந்துவிடும். ஆனால் ஒயரைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்காதீங்க. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. முனையை விரலால் தொடுவதும் தப்பு, ஒட்டிக்கொள்ளும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமே சிக்னலைக் குறைத்துவிடும்.

எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, பானும் பச்சையாக இருக்கிறது, ஆனாலும் நெட் இல்லையா? மாத ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று ஒரு தடவை பாருங்க. சிரிப்பாக இருந்தாலும், அடிக்கடி நடப்பது இதுதான்.

பழி ரவுட்டருக்கு, குற்றவாளி அடாப்டர்

நெட் வரும், போகும். தனியாக ஒருவர் பார்க்கும்போது நன்றாக ஓடும். டிவி, லேப்டாப், இரண்டு போன் எல்லாம் சேர்ந்தவுடன் ரவுட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். இப்படி இருந்தால் "ரவுட்டர் போச்சு, புதுசு வாங்குங்க" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது, சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் கருப்பு அடாப்டரை.

வருடக்கணக்கில் 24 மணி நேரமும் சூட்டிலேயே இருப்பதால், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மெல்ல மெல்ல வலுவிழக்கும். லைட் எரிய வைக்கும் அளவுக்கு கரண்ட் கொடுக்கும். ரவுட்டருக்கு வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். லைட்தான் எரியுதே என்று நாமும் அடாப்டரைச் சந்தேகப்படுவதில்லை.

சோதிப்பது எளிது. பழைய அடாப்டரின் மேல் 'அவுட்புட்' என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்க. உதாரணமாக 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும். மாற்றாக மாட்டுவதில் வோல்ட் அதே அளவில் இருக்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் மாட்டினால் ரவுட்டரே போய்விடலாம். ஆம்பியர் மட்டும் அதே அளவோ, அதைவிடக் கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் அளவும், பிளஸ் மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும். குழப்பமாக இருந்தால் பழைய அடாப்டரையே எலக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டுங்க. புது ரவுட்டருக்கு ஆகும் செலவில் சின்னப் பங்குதான் இதற்கு ஆகும்.

சூடும் ஒரு காரணம். டிவிக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸ் மேல், மேலே ஒரு துணியும் போட்டு மூடி வைத்தால் எந்த ரவுட்டரும் திணறும். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டு ஒரு நாள் பாருங்க.

அந்த ஓட்டையில் என்ன இருக்கிறது?

ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை ஆஃப் செய்து, அரை நிமிடம் பொறுத்து, திரும்ப ஆன் செய்வது. இதில் எந்த ஆபத்தும் இல்லை. தற்காலிகக் கோளாறுகள் பல இதிலேயே தீர்ந்துவிடும். ரீசெட் அப்படி இல்லை. சின்ன ஓட்டையில் குச்சியை விட்டு 10 நொடி அழுத்தினால், ரவுட்டர் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, சில இணைப்புகளில் நிறுவனம் போட்டுக் கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே அழியும். அது கையில் இல்லாவிட்டால், ஆள் வந்து போட்டுத் தரும் வரை நெட் கிடையாது. ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால், அந்த விவரங்களை முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்க.

நெட் வருது, ஆனா ஸ்லோவா?

லேப்டாப்பை ஒயர் மூலம் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து வேகத்தைப் பாருங்க. ஒயரில் சரியாக வந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். பீரோ மேலோ, ஃபிரிட்ஜ் பக்கத்திலோ ரவுட்டர் இருந்தால் இரும்பு சிக்னலை மறிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே அலைவரிசையில் மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினாலே களைத்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொண்டால் போதும்.

யாருக்கு போன் போடுவது?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தேடுபொறியில் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களில் போலிகளும் உண்டு. "உங்க போன்ல ஒரு ஆப் போடுங்க சார், இங்கிருந்தே சரி பண்றேன்" என்பார்கள். அல்லது "புகார் பதிய 10 ரூபாய் அனுப்புங்க" என்பார்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும், ஓடிபியும் சேர்த்து. பில்லிலோ, நிறுவனத்தின் சொந்த ஆப்பிலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

புகார் கொடுத்தால் 'டாக்கெட் எண்' கேட்டு வாங்குங்க. டிராய் விதிகளின்படி அதைத் தருவது நிறுவனத்தின் கடமை. அதைத் தராமல் "பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னால் புகார் பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். தீர்வு கிடைக்காவிட்டால் அதே எண்ணை வைத்து நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யலாம். வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் ரவுட்டரை மாற்றச் சொன்னால், அது நிறுவனத்தின் ரவுட்டரா, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்க. நிறுவனம் கொடுத்ததாக இருந்தால், மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்று கஸ்டமர் கேரில் கேட்ட பிறகு பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.