பில்லில் வராத பணம்

என் அக்கா மகன் நாலாக மடித்துக் கொண்டுவந்த கொட்டேஷன் தாளில் ஒன்பது வரிகள் இருந்தன. அதில் மூன்று வரி என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை. பத்தாவது வரி தாளிலேயே இல்லை. ஷோரூமில் வாயால் சொன்னது. “ஐயாயிரம் தனியா கையில கொடுத்தா அடுத்த வாரமே வண்டியாம் மாமா. இல்லன்னா ரெண்டு மாசம் ஆகுமாம். கேட்ட கலரும் கிடைக்காதாம்.”

வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. டார்க் ரெஞ்சால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இல்லாத பாகம் அடுத்த ஆளிடம் போகாது. ஷிப்ட் முழுக்க அப்படிச் சரிபார்க்கிறவன், தன் இரண்டு வருடச் சேமிப்பில் எதையும் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்திருந்தான். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், பழைய சாயலில் வரும் வண்டிகள் மேல் உள்ள இந்த ஆசையைப் பற்றி. அமெரிக்காவில் மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ என்று 1960-70களின் முரட்டுக் கார்களை, அதே பழைய முகத்தோடு இந்த நூற்றாண்டில் மறுபடி செய்து விற்றார்கள். கிராக்கி பிடித்துக்கொண்டது. அங்கே உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலையைப் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று 1958இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் டீலர் அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி, ‘சந்தை நிலவரம்’ என்று ஆயிரக்கணக்கான டாலர் கூட்டி விற்கிற டீலர்கள் உண்டு. மஸ்டாங் 2016இல் இந்தியாவுக்கும் வந்தது, 65 லட்சம் ரூபாய்க்கு. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் மஸ்டாங் கப்பலில்தான் வந்து இறங்கியது. அந்த ஆலையும் 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன்களுக்கு மஸ்டாங் செல்போன் வால்பேப்பர். அவர்கள் உண்மையில் பணம் சேர்ப்பது வட்ட ஹெட்லைட், உருண்டு திரண்ட டேங்க், தடதட சத்தம் கொண்ட 350 சிசி பைக்குக்குத்தான். அந்த ஆசை பிறந்த இடமும் தூரமில்லை. 1955 முதல் திருவொற்றியூரில் புல்லட் செய்த ராயல் என்ஃபீல்டு, 2009இல் பழைய சாயலில் கிளாசிக்கை இறக்கியது. அதன்பின் பல ஆண்டுகள் புக் செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புது ஆலைகள் வந்தன. 2010 வாக்கில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் அளவில் விற்ற நிறுவனம் 2014இல் 3 லட்சத்தையும், 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்தையும் தாண்டியது. வண்டி பெருகினால் காத்திருப்பு குறையும். காத்திருப்பு குறைந்தால் ‘தனியா கொடு’ என்று கேட்கிற வாயும் அடங்கும். ஆனால் புது மாடல், புதுக் கலர், பண்டிகை, வரி மாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் மறுபடி வரிசை நீளும். 2024 அக்டோபரில் மஹிந்திராவின் தார் ராக்ஸுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 புக்கிங். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. 350 சிசி ஷோரூம்களுக்கு ஓட்டம் அதிகரித்ததில் ஆச்சரியம் இல்லை.

சரி, டீலர் கூடுதலாகக் கேட்டால் அது குற்றமா? சோப்பு, பிஸ்கட் போல வண்டிக்கு எம்ஆர்பி கிடையாது. அது பொட்டலத்தில் அடைத்து விற்கிற பொருள் இல்லை. விளம்பரத்தில் வரும் எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனி அறிவிக்கிற விலை, அவ்வளவுதான். ‘எம்ஆர்பிக்கு மேல வாங்குறான்’ என்று புகார் எழுதினால் நிற்காது. நிற்கக்கூடியது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வாங்கினால் அது புகாருக்கு உரியது என்கிறது. ஒப்புக்கொண்ட விலை எது என்று யார் காட்டுவது? தாள்தான். தேதி, முத்திரை, கையெழுத்து, வரிவரியாகத் தொகை உள்ள கொட்டேஷன் இருந்தால் உங்கள் கையில் வழக்கு இருக்கிறது. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் ‘ஆன்-ரோடு 2.45’ என்று கிறுக்கித் தந்தால் ஒன்றும் இல்லை.

இனி அக்கா மகனின் தாளுக்கு வருகிறேன். அவனுக்குப் புரியாத முதல் வரி ‘ஹேண்ட்லிங் சார்ஜ் 2,800’. வண்டியை ஷோரூம்வரை கொண்டுவந்து, துடைத்து, பேட்டரி மாட்டி நிறுத்துவது டீலர் வேலை. அதற்கான லாபம் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ‘இது எந்தச் சேவைக்கு? பில்லில் இந்தப் பெயரோடு, ஜிஎஸ்டி போட்டுத் தருவீர்களா?’ என்று கேட்டால் போதும். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விக்கே பாதி வரிகள் காணாமல் போகின்றன.

அடுத்தது ‘ஆர்டிஓ & இதரம்’. இந்த ‘இதரம்’ பொல்லாத வார்த்தை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புது பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் சாலை வரி. மோட்டார் சைக்கிள் பதிவுக் கட்டணம் 300 ரூபாய். கடனில் எடுத்தால் அதை ஆர்சியில் ஏற்ற 500. ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி, தபால் என்று இன்னும் சில நூறுகள். இவை எல்லாம் அரசின் ‘வாகன்’ தளத்தில் கட்டப்பட்டு, பைசா சுத்தமாக ரசீது வரும். அந்த ரசீதின் நகலைக் கேளுங்கள். தாளில் எழுதிய தொகைக்கும் ரசீதுத் தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் ‘இதரம்’. அது ஆர்டிஓவில் யாருக்கோ கொடுக்க என்று சொன்னால், அந்தப் பேச்சை எழுத்தில் கேளுங்கள், தர மாட்டார்கள். பதிவு எண் வாங்காமல் புது வண்டியை வெளியே விடக் கூடாது என்பது டீலருக்கான விதி. ‘இப்ப ஓட்டிட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்றால் விபத்து நடந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் போகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022இல் வந்த பட்டியல்படி, 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை 5 ஆண்டுக்கு 7,365 ரூபாய்; 350க்கு மேல் 15,117; ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றுதான். ஆகவே ‘எங்ககிட்ட தேர்டு பார்ட்டி சீப்’ என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. விலை மாறுவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில். அதை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். ஓட்டுபவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம்தான். ஆனால் அந்த அளவுக்கு ஏற்கெனவே தனிப் பாலிசி இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் டீலர்களுக்கென்றே 2017இல் வழிகாட்டு விதிகள் கொடுத்திருக்கிறது. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வாங்கிக்கொண்டு போனிலேயே நாலு கம்பெனிகளில் விலை பார்க்கலாம். அக்கா மகன் பார்த்தான். தாளில் இருந்ததைவிட ஆயிரத்து எண்ணூறு குறைவு.

மூன்றாவது புரியாத வரி ‘ஆக்சசரீஸ் பேக் 6,400 (கட்டாயம்)’. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த ஒரு சொல்தான் எனக்குப் பிடித்த சாட்சி. ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்பதைச் சட்டம் ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அது ஒன்றே காரணமாகும். கிராஷ் கார்டு, சீட் கவர் போன்றவை அட்டைப்பெட்டியில் வந்தால் அவற்றுக்கு எம்ஆர்பி உண்டு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி தவறு. தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை ஆய்வாளர்கள். ஹெல்மெட்டையும் இந்த பேக்கில் சேர்த்திருந்தார்கள். பைக் விற்கும்போது தரமுத்திரை பெற்ற ஹெல்மெட்டை உற்பத்தியாளர் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 இருப்பதை ஷோரூமில் நினைவுபடுத்தலாம்.

தாளில் இல்லாத அந்தப் பத்தாவது வரி? கையில் கொடுக்கிற ஐயாயிரத்துக்கு ரசீது இல்லை. வண்டி வரவில்லை என்றால் கேட்க முடியாது, வாங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டால் கேட்கவே முடியாது. நீங்கள் கொடுப்பது டீலருக்கா, கேட்ட சேல்ஸ் பையனுக்கா என்பதுகூடத் தெரியாது. பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. டெலிவரி நிபந்தனையை வளைத்து வாங்குபவர் தலையில் நியாயமற்ற செலவை ஏற்றுவதும், ஒப்புக்கொண்ட நாளைத் தாண்டி இழுத்து விலையேற்றத்துக்கு வழிவிடுவதும் அதே சட்டத்தில் வருகின்றன. ஆகவே புக்கிங் ரசீதில் வரிசை எண்ணும் உத்தேச டெலிவரி தேதியும் எழுதி வாங்குவது முக்கியம். பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். டெலிவரி நாளில் உள்ள விலைதான் செல்லும் என்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடையில் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கு, டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியது என்று 2017இல் போட்டி ஆணையம் 87 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. அதே மாதிரிக் காரணத்துக்காக மாருதிக்கு 2021இல் 200 கோடி; அந்நிறுவனமும் மேல்முறையீட்டுக்குப் போனது. வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பி எந்த டீலர் விலையைக் குறைக்கிறார் என்று மாருதி வேவு பார்த்ததாக ஆணையத்தின் உத்தரவு சொல்கிறது. குறைக்கிறவரைக் கண்டுபிடிக்க ஆள் அனுப்ப முடிகிற தொழிலில், கூட்டுகிறவரைக் கண்டுபிடிக்க ஆள் அனுப்புவது அவ்வளவு கஷ்டமா என்பது என் சந்தேகம்.

கடன் விஷயம் சுருக்கமாக. ஹேண்ட்லிங், பேக், கோட்டிங் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு லோன் போட்டால் மூன்று வருடம் அதற்கும் வட்டி கட்டுவீர்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள். கார் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் வசூலிக்கும் 1 சதவீத வரி உங்கள் வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும். கணக்குத் தாக்கல் செய்யாமல் அதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

ஏமாந்தால் எங்கே போவது? முதலில் டீலரின் மேலாளருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல், கொட்டேஷனையும் பில்லையும் இணைத்து. ஒரு வாரம் பாருங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். இன்சூரன்ஸ் புகாருக்கு பீமா பரோசா தளம். இல்லாத ஷோரூம் பெயரில் வந்த லிங்க்கை நம்பி ஆன்லைனில் புக்கிங் பணம் போட்டிருந்தால் எதற்கும் காத்திராமல் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். இவற்றில் தீராதது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இந்தப் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு மிகவும் பயன்படுவது ஒன்று உண்டு. நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலோ வேலை பார்க்கிற மாவட்டத்திலோ புகார் கொடுக்கலாம். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்து வேலை பார்க்கும் விழுப்புரத்துப் பையன், சென்னையில் வாங்கிய வண்டிக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

அக்கா மகன் மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனான். முத்திரையோடு புதுத் தாள் கேட்டதும் சேல்ஸ் பையன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தானாம். ஹேண்ட்லிங் போனது, பேக் போனது, இன்சூரன்ஸ் வெளியில் எடுத்தான். ஐயாயிரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. ரெண்டு மாதம் என்றது ஐந்து வாரத்தில் வந்தது, அவன் கேட்ட பச்சைக் கலரிலேயே. முதல் நாள் அட்வான்ஸோடு பிடித்துக்கொண்ட டேங்க் கோட்டிங் பணம் 1,500 மட்டும் இன்னும் திரும்பவில்லை, கோட்டிங்கும் போடவில்லை. 1915இல் கொடுத்த புகார் எண்ணை போன் கவரின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறான், மஞ்சள் மார்க்கரால்.