வயிறு சின்னதாச்சு, தேவை சின்னதாகலையே!

"ஆபரேஷன்தான் முடிஞ்சாச்சே, இனிமே எடை தானா குறைஞ்சிடும்!" எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்த வீடுகளில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். எடை குறையும், உண்மைதான். கவனிக்காவிட்டால் சத்தும் கூடவே குறையும். அதை எடை மெஷின் காட்டாது.

சாப்பிடும்போது நம் இரைப்பை விரிந்து ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். 'ஸ்லீவ்' முறையில் அதில் முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல், வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். கொள்ளளவு 100 முதல் 150 மி.லி., அதாவது ஒரு டீ கிளாஸ். இன்னொரு முறை 'பைபாஸ்'. 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தது. இதில் இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் சிறுகுடலின் முன்பகுதியைத் தொடாமலே உணவு போய்விடும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். டீ கிளாஸ் வயிற்றை இட்லியும் ரசம் சாதமும் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடம் ஏது? அதனால் தட்டில் வரிசை மாறணும். முதலில் பருப்பு, சுண்டல், பனீர், கெட்டித் தயிர், முட்டை அல்லது மீன். பிறகு காய். கடைசியில்தான் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம் புரதம் கிடைக்கும். இது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும், முடியும் கொட்டும்.

ஸ்ரீரங்கத்தில் சைவ வீடுகள் அதிகம். அங்கே பி12 மேல் தனிக் கவனம் வேண்டும். செடிகொடி உணவில் அது இல்லை. பால், தயிரில் கொஞ்சம்தான். அதைக் குடல் உறிஞ்ச உதவும் ஒரு புரதத்தை இரைப்பைதான் சுரக்கிறது, அந்த இரைப்பையே இப்போ சின்னதாகிவிட்டது. கல்லீரலில் உள்ள பி12 சேமிப்பு சில வருடம் தாங்கும் என்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தினால், பின்னால் கால் மரத்துப்போகும், மறதி வரும்.

தயமின் (பி1) கதை நேர்எதிர். அதன் சேமிப்பு இரண்டு, மூன்று வாரம்தான். விடாமல் வாந்தி, தள்ளாடும் நடை, இரட்டைப் பார்வை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே, "இவருக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கு" என்று சொல்லிவிடுங்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு மோசமாகலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை:

* திருச்சி வெயிலுக்குத் தண்ணீர் அவசியம், தினமும் ஒன்றரை லிட்டராவது. ஆனால் வாய் வாயாக. சாப்பிடும்போது வேண்டாம், சாப்பிட்டு அரைமணி கழித்து.
* இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இரண்டு மணி நேர இடைவெளியில். டிகிரி காபியோடு இரும்பு மாத்திரை கூடவே கூடாது.
* பைபாஸ் ஆனவருக்கு அக்காரவடிசலை அள்ளி வைக்காதீர்கள். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கி படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். பிரசாதம் என்றால் விரல் நுனி அளவு போதும்.
* வைகுண்ட ஏகாதசிக்கு முழுப் பட்டினி கிடந்து, துவாதசி அன்று ஒரேயடியாகச் சாப்பிடுவது இவர்களுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் வருடத்தில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை செய்யணும். மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. அளவை டாக்டர்தான் சொல்லணும்.

உங்கள் அப்பாவோ அத்தையோ இந்த சிகிச்சை செய்திருந்தால், அடுத்த தடவை ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணும்போது "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மாத்திரை போட்டீங்களா? பிளட் டெஸ்ட் எப்போ?" என்றும் கேளுங்கள். லீவில் ஊருக்குப் போனால் நீங்களே கூட்டிட்டுப் போங்க.