லைசோசோம்: சவ்வுக்குள் அடங்கிய செரிமானம்

செல்லின் நுண்ணுறுப்புகளுள் பல முதலில் நுண்ணோக்கியின் வழியே காணப்பட்டன. அவற்றின் பணி பின்னரே அறியப்பட்டது. லைசோசோமின் வரலாறு இதற்கு மாறானது. இதன் இருப்பு முதலில் வேதியியல் சோதனையால் உய்த்துணரப்பட்டது. உருவம் பின்னரே காணப்பட்டது.

கண்டறிந்த வரலாறு

1949ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு உயிர்வேதியியல் அறிஞர் கிறிஸ்டியன் டி டுவே, எலியின் கல்லீரல் செல்களை மென்மையாக அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, செல்லின் கூறுகளைப் பிரித்து ஆராய்ந்தார். அவற்றில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் செயல்திறன், எதிர்பார்த்த அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இருந்தது. அதே மாதிரிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஐந்து நாள்களுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது, செயல்திறன் எதிர்பார்த்த அளவை எட்டியிருந்தது. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருந்தது என்றும், சவ்வு சிதைந்த பின்னரே வெளிப்பட்டது என்றும் ஆய்வுகள் காட்டின. 1955இல் இப்பை லைசோசோம் எனப் பெயர் பெற்றது. கிரேக்க மொழியில் 'லைசிஸ்' என்பது சிதைத்தலையும் 'சோமா' என்பது உடலையும் குறிக்கும். பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் இதனை உறுதி செய்தன. டி டுவே 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

அமைப்பு

லைசோசோம் ஒற்றைச் சவ்வால் சூழப்பட்டது. புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றைச் சிதைக்கும் ஏறத்தாழ 50 வகை நீராற்பகுப்பு நொதிகள் இதனுள் உள்ளன. இவை சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் உருவாகின்றன. கோல்கை உறுப்பில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் அடையாளத்தைப் பெற்று லைசோசோமை அடைகின்றன.

செல்லையே சிதைக்கவல்ல இந்நொதிகள் செல்லுக்குத் தீங்கு செய்யாதது ஏன்? முதலாவதாக, சவ்வு அவற்றைப் பிரித்து வைக்கிறது. இரண்டாவதாக, சவ்விலுள்ள புரோட்டான் ஏற்றிகள் உட்புறத்தின் பி.எச். மதிப்பை ஏறத்தாழ 5 ஆக வைத்திருக்கின்றன. சைட்டோபிளாசத்தின் மதிப்போ ஏறத்தாழ 7.2 ஆகும். எனவே சிறிதளவு நொதி கசிந்தாலும், அங்கு அதன் செயல்திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

பணிகள்

வெள்ளையணுக்கள் விழுங்கிய பாக்டீரியங்களை லைசோசோம்கள் செரிக்கின்றன. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியா போன்ற செல்லின் சொந்தக் கூறுகளையும் சிதைத்து, மூலப்பொருள்களை மறுபயன்பாட்டிற்கு அளிக்கின்றன. இது தன்னுண்ணல் எனப்படும். உணவு கிடைக்காத காலத்தில் செல் பிழைத்திருக்க இது துணைபுரிகிறது. ஈஸ்ட் செல்களில் இந்நிகழ்வின் வழிமுறையை விளக்கிய ஜப்பானிய அறிஞர் யொஷினோரி ஒசூமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு நொதி குறைந்தால்

லைசோசோமின் இன்றியமையாமையைப் பாம்பே நோய் தெளிவாக உணர்த்துகிறது. நெதர்லாந்து மருத்துவர் பாம்பே 1932இல் விவரித்ததால் இந்நோய் அவர் பெயரைப் பெற்றது. கிளைக்கோஜனைச் சிதைக்கும் ஒரு லைசோசோம் நொதியின் குறைபாடே இதற்குக் காரணம் என 1963இல் அறியப்பட்டது. சிதைக்கப்படாத கிளைக்கோஜன் லைசோசோம்களில் தேங்கி, இதயத் தசையையும் எலும்புத் தசையையும் நலிவுறச் செய்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே இந்நோய்க்கு ஆளான குழந்தைகளுள் பெரும்பாலோர், சிகிச்சை இல்லாத நிலையில், ஓராண்டுக்குள் இறந்தனர்.

2006 முதல் இந்நொதி மருந்தாக இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படுகிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள், நொதியிலுள்ள மேனோஸ்-6-பாஸ்பேட் அடையாளத்தை அறிந்து, அதனை உள்ளிழுத்து லைசோசோமிடம் சேர்க்கின்றன. கோல்கை உறுப்பு பயன்படுத்தும் அதே அடையாளமே இங்கு மருந்துக்கும் வழிகாட்டுகிறது.