மனசுல நிக்காத சொல்

செங்கழுநீரம்மன் தேர் ஓடும் வீராம்பட்டினத்துப் பக்கம் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப் போவதுண்டு. நான் தமிழ் படித்தவன். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீட்டுவது ஆங்கில நோட்டைத்தான். இடப் பக்கம் ஆங்கிலச் சொல், வலப் பக்கம் தமிழ்ப் பொருள், நடுவில் ஒரு கோடு. ஒரு மாணவி கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக ஒப்பித்தாள். ‘இன்டிக்னேஷன்’ வந்ததும் நின்றுவிட்டாள்.

“இது மட்டும் மனசுல நிக்கலண்ணா.”

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் மேல்வகுப்புகளிலும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் 80 மதிப்பெண்ணில் 22 வாசிப்புப் பகுதிக்கு. பார்த்தே இராத பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. ஆங்கில நாளிதழ் வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்பா கூலிக்கும் அம்மா நூறு நாள் வேலைக்கும் போகிற சேரிப் பிள்ளைக்கு, இவற்றைக் கேட்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம்.

ஆனால் அதே வகுப்பின் ‘விஸ்டாஸ்’ நூலில் நம் வீட்டுச் சங்கதி ஒன்று இருக்கிறது. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’விலிருந்து எடுத்த பகுதி. ‘கருக்கு’வை ஆங்கிலமாக்கியவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம். மூன்றாம் வகுப்புச் சிறுமி வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்புகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கி வந்து, நிலக்காரரிடம் குனிந்து கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் காரணத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு செத்துப் போகிறது.

அந்த இடத்தைத்தான் அவளிடம் கேட்டேன்.

“அந்தப் பெரியவருக்கு நடந்தது என்னம்மா?”

“அவமானம்.”

“படிச்சப்ப உனக்கு என்ன வந்துச்சு?”

“கோவம்ண்ணா. இப்படி நடத்தறது நியாயமில்லங்கிற கோவம்.”

“அதுக்குத்தான் இன்டிக்னேஷன்னு பேரு.”

லத்தீனில் ‘டிக்னுஸ்’ என்றால் தகுதியுடையது. அதிலிருந்து வந்தது டிக்னிட்டி, கண்ணியம். அது மறுக்கப்பட்டால் இன்டிக்னிட்டி, இழிவு. இழிவைக் கண்டு பொங்குவது இன்டிக்னேஷன். ஒரே வேர், மூன்று சொல். அவமானப்படுத்துவதைக் குறிக்கும் ஹ்யூமிலியேட் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது ‘ஹ்யூமுஸ்’, அதாவது மண். “மண்ணைக் கவ்வ வைக்கிறதா?” என்று ஒரு பையன் கேட்டான். கிட்டத்தட்ட அதேதான். அந்தப் பயலுக்கு இனி அது மறக்காது.

அண்ணல் அம்பேத்கரின் நூல் தலைப்பிலுள்ள ‘அனிஹிலேஷன்’ பற்றியும் பேச்சு வந்தது. லாகூர் மாநாட்டில் பேச விடாத உரையை 1936இல் தம் செலவிலேயே அச்சிட்டார். அந்தச் சொல்லுக்குள் ‘நிஹில்’ இருக்கிறது. நிஹில் என்றால் ஒன்றுமில்லை. சாதியைச் சீர்திருத்துவதற்கு அவர் வேறு சொல் எடுத்திருக்கலாம். அவர் கேட்டது சாதியே இல்லாமல் ஆக்குவதை.

கிளம்பும்போது அந்த மாணவியின் நோட்டைப் பார்த்தேன். ‘இன்டிக்னேஷ’னுக்கு எதிரே பொருளை எழுதவில்லை. நூலில் தொங்கும் ஒரு பொட்டலத்தை வரைந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வாரம் வல்லிக்கண்ணனின் பஸ் கதையோடு வருகிறார்கள். தமிழில் எழுதிய கதைதான், அவர்கள் படிக்க வேண்டியது ஆங்கிலத்தில்.