பேக்கேஜ் ரேட்டில் வராத கணக்கு

2024 டிசம்பரில் திருச்சி மேலச்சிந்தாமணியில் ஒரு டாட்டூ கடைக்குச் சீல் வைத்தார்கள். நாக்கை இரண்டாகப் பிளக்கும் அறுவையை அங்கே செய்து, வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டதாக இருவர் கைதானார்கள். இருவருமே மருத்துவம் படித்தவர்கள் இல்லை.

நாக்கைப் பிளந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் சொற்பம். முடி வைக்கவும், மூக்கைத் திருத்தவும், தொப்பைக் கொழுப்பை எடுக்கவும் விரும்புகிறவர்கள் ஏராளம். திருச்சி தில்லைநகர் கிளினிக்குகளில் ஏறி இறங்கும்போது அவர்கள் முதலில் கேட்பது, ‘மொத்தம் எவ்வளவு ஆகும்?’ அந்த ஒரு எண்ணைவிட முக்கியமான எண்கள் சில இருக்கின்றன.

ஆண்டு: 11½

பிளாஸ்டிக் சர்ஜன் ஆக எம்.பி.பி.எஸ். 4½ ஆண்டு, அதன்மேல் 1 ஆண்டு ஹவுஸ் சர்ஜன் பணி. பொது அறுவையில் எம்.எஸ். 3 ஆண்டு. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். 3 ஆண்டு. ஆக மொத்தம் 11½. எம்.பி.பி.எஸ். முடித்து 6 ஆண்டு நேரடிப் படிப்பில் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். சில வாரச் சான்றிதழ் வகுப்புகளும் ‘காஸ்மெட்டாலஜி’ என்ற போர்டும் இந்தக் கணக்கில் சேராது.

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தெளிவாகவே சொன்னது. அழகு அறுவையையும் முடிமாற்று சிகிச்சையையும் முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும். பட்டறையில் உட்கார்ந்தோ யூடியூப் பார்த்தோ கற்றது போதாது. முடிமாற்று சிகிச்சையை உரிய பயிற்சி பெற்ற தோல் மருத்துவரும் செய்யலாம்.

சரிபார்க்க ஆகும் செலவு: ₹0. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எம்.பி.பி.எஸ். பதிவாகியிருப்பது மட்டும் போதாது. மேற்படிப்பும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவு. 2016 மே மாதம் சென்னையில் முடிமாற்று சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டுமே என்பது அதன்பிறகுதான் தெரியவந்தது.

ரூபாய்: 100க்கு 118

மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. இல்லை. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் முடிமாற்றுக்கும் உண்டு. கிராஃப்டுக்கு ₹40, வரி 18% என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 கிராஃப்ட் ₹1,00,000; வரி ₹18,000; பில் ₹1,18,000. சொன்ன ரேட் வரியோடா, வரி இல்லாமலா என்று எழுதி வாங்குங்கள். ஒரு கிராஃப்டில் 1 முதல் 4 முடி வரை இருக்கும். ‘5,000 முடி’ என்று ஒருவர் சொல்வதும் ‘2,500 கிராஃப்ட்’ என்று இன்னொருவர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே.

பிளவு உதடு போன்ற பிறவிக் குறைக்கும் விபத்துக் காயத்துக்கும் செய்யும் சீரமைப்புக்கு இந்த வரி கிடையாது. மருத்துவக் காப்பீடும் அழகு அறுவைக்குப் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்குத் தரும்.

மில்லி: 21

பேரம் பேச முடியாத எண் இது. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசிக்கு, அட்ரினலின் கலந்திருந்தால், வழக்கமான உச்ச வரம்பு கிலோவுக்கு 7 மி.கி. உடல் எடை 60 கிலோ என்றால் 420 மி.கி. 2% மருந்தின் ஒரு மில்லியில் 20 மி.கி. இருப்பதால், அது 21 மில்லிதான். ‘எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்கிறவரிடம் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம், மயக்க மருத்துவர் கடைசிவரை இருப்பாரா என்று கேளுங்கள். 2019 மார்ச்சில் மும்பையில் ஒரே அமர்வில் 9,500 கிராஃப்ட் வைத்துக்கொண்ட 43 வயதுக்காரர் இரண்டே நாளில் இறந்துபோனார்.

லைப்போசக்‌ஷனில் ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால் அது பெரிய அளவு. கொழுப்பு லிட்டருக்கு 0.9 கிலோதான், 5 லிட்டரும் கொழுப்பாகவே இருந்தாலும் குறைவது 4½ கிலோ. உடல் இளைக்க இது வழியல்ல.

மணியும் வாரமும்

புகைப்பவர் அறுவைக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம் நிறுத்த வேண்டும்; நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் தோல் சரியாக ஒட்டாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முழு மயக்கம் என்றால் 6 மணி நேரத்துக்கு முன் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி இருந்து பழகியவர்கள் இங்கேயும் தண்ணீரை விட்டுவிட வேண்டியதில்லை. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் ஊற்றிய பில்டர் காபி மட்டும் சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி.

மூக்குக் கட்டு சுமார் 7 நாள். வீக்கம் முழுக்க வடிய 12 மாதம் வரை. வைத்த முடி முதல் சில வாரத்தில் உதிரும், 3, 4 மாதத்தில் மறுபடி முளைக்கும், முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் முடி வைப்பது கணக்குத் தப்பு.

காகிதம்: 72 மணி

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவறு நடந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பில், ஒப்புதல் படிவம், போட்ட மருந்துகளின் பட்டியல் மூன்றும் கையில் இருந்தால் இந்த வழி எளிதாகும்.

சென்னையில் ₹20,000 குறைவு என்று கிளம்புகிறவர்கள் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். திருச்சியிலிருந்து ஒரு வழி சுமார் 330 கி.மீ.; தையல் பிரிக்கவும் பரிசோதனைக்குமாக நாலு நடை என்றால் 2,640 கி.மீ. ராத்திரி 2 மணிக்கு ரத்தம் கசிந்தால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. அந்த நேரத்தில் போனை எடுக்கும் மருத்துவரின் பெயர் தெரியாதவரை, அட்வான்ஸ் கட்டாதீர்கள்.